வீட்டு விமானமும் வானத்துப் பிழையும்

சென்ற ஆண்டு எங்கள் இயற்பியல் மன்றக் கூட்டத்தில் ‘கணிப்பொறியில் விமானம் ஓட்டுதல்’ என்னும் பொருள் பற்றிப் பேசவும் செய்து காட்டவும் எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. அண்ணனின் கணிப்பொறியை அட்டைப்பெட்டியில் கட்டித் தூக்கி வந்து, வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து ஒரு சிறிய செஸ்னா விமானத்தைக் கிளப்பி, தாமிரபரணிக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினேன். கைதட்டல் கிடைத்தது. அந்த உற்சாகத்தில், “இதில் பொருத்தியுள்ள ஜி.பி.எஸ். கருவி உண்மை விமானத்தில் உள்ளது போன்றதே, ஒரு மீட்டர்கூடப் பிசகாது” என்று சொல்லிவிட்டேன். முன்வரிசையில் இருந்த எங்கள் பேராசிரியர், “தம்பி, உன் விமானம் எங்கே இருக்கிறது என்று அந்தக் கருவிக்கு யார் சொல்கிறார்கள்?” என்று கேட்டார்.

‘செயற்கைக்கோள்’ என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் மேசைமேல் இருக்கும் கணிப்பொறிக்கும் வானத்திலுள்ள எந்தக் கோளுக்கும் தொடர்பே இல்லை என்பது அந்த நொடியில்தான் உறைத்தது. நின்றேன், விழித்தேன், அமர்ந்தேன். அன்று சொல்லாமல் விட்ட விடையே இக்கட்டுரை.

முதலில் கருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கணிப்பொறிக்கான ஃபிளைட் சிமுலேட்டர் புதிதன்று. 1979-இல் ஆப்பிள் கணிப்பொறிக்கு வந்தது. 1982-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதனைத் தன் பெயரில் வெளியிட்டது. அக்காலத்தில் திரையில் நாலைந்து கோடுகள்தாம் தரை, மலை எல்லாம். 2020-இல் வெளிவந்த பதிப்பிலோ செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு உலகம் முழுவதையும் அமைத்துவிட்டார்கள். ஆனால் இத்தகைய நிரல்களோடு சேர்ந்து வரும் ஜி.பி.எஸ். பெரும்பாலும் ஒப்புக்குச் சப்பாணியாகவே இருந்து வந்தது. படம் தெரியும், பொத்தான்களில் பாதி வேலை செய்யாது. அக்குறையைத் தீர்க்கவே கூடுதலாகப் பொருத்தும் கருவிகள் வந்தன.

1998-இல் கார்மின் நிறுவனம் ஜி.என்.எஸ். 430 என்ற கருவியை அறிமுகப்படுத்தியது. உலகெங்கும் சிறிய விமானங்களில் இடம்பிடித்த கருவி இது. விமானிகள் தரையிலேயே அமர்ந்து பழகுவதற்காகக் கார்மின் நிறுவனமே கணிப்பொறிப் பயிற்சி நிரல் ஒன்றையும் தந்தது. கூடுதல் கருவி செய்வோரில் சிலர் அந்தப் பயிற்சி நிரலையே சிமுலேட்டரோடு கோத்துவிட்டார்கள். ஆகவே பக்கங்களும், திருகிகளும், தவறாக அழுத்தினால் வரும் எச்சரிக்கைகளும் உண்மைக் கருவியில் உள்ளபடியே இருக்கும். இன்னும் செலவு செய்யத் துணிந்தவர்கள் கையால் திருகக்கூடிய நிஜப் பெட்டியையே வாங்கி மேசையில் வைத்துக்கொள்கிறார்கள். எனக்குச் சுட்டெலியே கதி.

பழகப் பழக இதில் கற்க நிறைய உண்டு என்று கண்டேன். ஓர் எடுத்துக்காட்டு. பாதையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறோம் என்று காட்டும் ஊசி ஒன்று உண்டு. 430-இன் முதல் வகையில், நெடுவழியில் அவ்வூசி ஓரத்துக்குப் போனால் விலகல் 5 கடல் மைல், நிலையத்துக்கு 30 மைலுக்குள் வந்துவிட்டால் அதே ஓரம் 1 கடல் மைல், இறங்குமுகத்தில் 0.3 மைல். ஊசி ஒன்றுதான், அது சொல்லும் தூரம் மூன்று. இதனை அறியாதவன் ஊசியை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவான். நூலில் படித்திருந்தால் எனக்கு இது மனத்தில் தங்கியிராது.

கருவிக்குள் இருக்கும் விவரத் தொகுதி 28 நாட்களுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்பட வேண்டும் என்பது உலக விமானத் துறையின் ஒழுங்கு. என்னைப் போன்றவர்கள் காசு கொடுத்துப் புதுப்பிப்பதில்லை. என் கருவியில் வாகைக்குளம் ஓடுபாதை 1,350 மீட்டர் என்றே நெடுநாள் இருந்தது. அங்கே விரிவாக்கம் நடந்து ஓடுபாதை 3,115 மீட்டர் ஆகி, 2025 ஜூலையில் புதிய முனையமும் திறக்கப்பட்ட செய்தி அதற்கு எட்டவில்லை.

இனி என் பெரிய தோல்வியைச் சொல்ல வேண்டும். வாகைக்குளத்திலிருந்து திருவனந்தபுரம் நேர்கோட்டில் ஏறத்தாழ 67 கடல் மைல். கருவியில் ‘நேராகப் போ’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தித் திருவனந்தபுரத்தைக் குறித்ததும் அழகான ஊதாக்கோடு ஒன்று விழுந்தது. 4,500 அடி உயரத்தில், மேகத்துக்குள், கோட்டை விட்டு இம்மியும் பிசகாமல் பறந்தேன். களக்காடு மலையில் போய் மோதினேன். பக்கத்தில் இருந்த அண்ணன், “என்னலே, மலையவே பேத்துட்டியா?” என்றான்.

பிறகு வரைபடத்தை விரித்து அளந்து பார்த்தேன். அந்த நேர்கோடு அகத்தியர் மலைச் சிகரத்துக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தெற்கே செல்கிறது. சிகரத்தின் உயரம் 1,868 மீட்டர். அடிக்கணக்கில் 6,100-க்கு மேல். மலைப்பகுதியில் கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பவர், தம் இருப்பிடத்திலிருந்து 8 கிலோமீட்டருக்குள் உள்ள மிக உயர்ந்த தடைக்கு மேலே குறைந்தது 2,000 அடி இடைவெளி விடவேண்டும் என்பது பன்னாட்டு விதி. அதாவது எனக்கு 8,100 அடிக்கும் மேலான உயரம் தேவை. நான் பறந்ததோ அதில் பாதியைச் சற்றே தாண்டி. என் கருவியின் வரைபடத்தில் மலையின் உயரம் காட்டப்படவில்லை. கோடு பொய் சொல்லவில்லை. இரண்டு ஊர்களுக்கும் இடையே மிகக் குறுகிய வழி எது என்று கேட்டேன்; அதை மட்டும் அது சொன்னது.

பேராசிரியரின் கேள்வி இதைவிட ஆழமானது. சிமுலேட்டரில் விமானத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் நிரலுக்கே தெரியும். விமானத்தை அங்கே வைப்பதே அதுதானே! அந்த எண்களை அப்படியே கருவிக்கு ஊட்டிவிடுகிறது. நான் பயன்படுத்திய கருவியில் செயற்கைக்கோள் பக்கத்தைத் திறந்தால் எல்லாக் கம்பிகளும் எப்போதும் நிமிர்ந்தே நிற்கும். தேர்வறையில் விடைத்தாளைக் கையில் கொடுத்து எழுதச் சொன்னது போலத்தான்.

உண்மைக் கருவிக்கு யாரும் விடை கொடுப்பதில்லை. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கோள்கள் தம் நேரத்தையும் இடத்தையும் ஒலிபரப்புகின்றன. அந்த அலை புறப்பட்ட நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து தூரத்தைக் கணக்கிட வேண்டும். அட்சம், தீர்க்கம், உயரம், தன் கடிகாரத்தின் பிழை என அறியாதவை நான்கு. ஆகவே குறைந்தது நான்கு கோள்கள் தேவை. ஒரு கோள் தவறான செய்தி தந்தால் அதைக் கண்டுபிடிக்க ஐந்தாவது வேண்டும். இன்னதுதான் தவறு என்று ஒதுக்க ஆறாவதும் வேண்டும். நேரத்தில் ஒரு மைக்ரோ நொடி பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் பிசகும்.

இந்த அலை வரும் வழியில் அயனி மண்டலம் குறுக்கிடுகிறது. சூரிய ஒளியால் அணுக்களிலிருந்து பிரிந்த எலெக்ட்ரான்கள் நிறைந்த பகுதி அது. அலையை அது தாமதப்படுத்துகிறது. ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள தூண் ஒன்றை வானத்தில் நிறுத்தியதாக எண்ணிக்கொள்ளுங்கள். அத்தூணில் எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை பத்தாயிரம் இலட்சம் கோடி கூடினால், 1575.42 மெகா ஹெர்ட்ஸ் அலையில் தூரக் கணக்கு 16 சென்டிமீட்டர் தவறும். சூரியன் சீறும் ஆண்டுகளில் நம் பகுதிகளில் நண்பகலில் இந்த அளவின் நூறு மடங்கும் வருவதுண்டு. அப்போது நேர் தலைக்கு மேலுள்ள கோளின் தூரமே 16 மீட்டர் பிசகும். அடிவானத்தை ஒட்டிய கோளாயின் அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு. ஒற்றை அதிர்வெண் கருவிகளுக்காகக் கோள்களே ஒரு திருத்தச் சூத்திரத்தை ஒலிபரப்புகின்றன. அது ஏறத்தாழப் பாதிப் பிழையைத்தான் போக்கும்.

‘நம் பகுதிகளில்’ என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தென்தமிழகத்தின் வழியே செல்கிறது. அங்கே காந்தப்புலம் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும். பகல் வேளையில் அக்கோட்டின் மேலே எலெக்ட்ரான்கள் ஊற்றுப் போல மேலெழுந்து, காந்தப்புலக் கோடுகளைப் பற்றிக்கொண்டு வடக்கும் தெற்குமாக இறங்கிக் குவிகின்றன. ஊற்று நமக்கு மேலே. குவியல் மத்திய இந்தியாவுக்கு மேலே. சூரியன் மறைந்தபின் வேறொரு கூத்து. எலெக்ட்ரான் குறைந்த குமிழிகள் காந்த நடுக்கோட்டின்மேல் தோன்றி மேலே கிளம்புகின்றன. அவற்றின் ஊடே வரும் அலை, விண்மீன் மினுக்குவது போல மினுக்கும். சில வேளை கருவி கோளையே தவறவிட்டுவிடும்.

இதனை ஆராய ஒரு நிலையம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் என்றதும் வெங்கடாசலபதி கோவில் சிற்பங்களே எல்லோர் நினைவுக்கும் வரும், எனக்கும் அப்படித்தான். இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் நிலநடுக்கோட்டுப் புவி இயற்பியல் ஆய்வகமும் அந்த ஊரில்தான் உள்ளது. சிற்பங்களை நான்கு முறை பார்த்த நான், ஆய்வகத்தின் பெயரைக்கூட இந்தக் கேள்விக்குப் பிறகே அறிந்தேன். இதற்கு முன்னோடியும் உண்டு. 1850-களில் திருவிதாங்கூர் மன்னரின் வானாய்வகத் தலைவராக இருந்த ஜான் ஆலன் பிரவுன், அகத்தியர் மலைமேலேயே ஒரு காந்த ஆய்வகம் அமைத்து அளவுகள் எடுத்தார். தாமிரபரணி பிறக்கும் மலை அது. நான் திரையில் மோதியதும் அந்த மலைத்தொடரில்தான்.

விமானத்துக்கு இந்தப் பிழையைத் திருத்த இந்தியா ‘ககன்’ என்ற ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. திருவனந்தபுரம் உட்பட 15 இடங்களில் உள்ள நிலையங்கள் தம் இடத்தை முன்பே துல்லியமாக அறிந்தவை. ஜி.பி.எஸ். தரும் விடையோடு அதை ஒப்பிட்டால் பிழை தெரிந்துவிடும். திருத்தத்தைக் கணக்கிட்டு ஜிசாட் கோள்கள் வழியே ஒலிபரப்புகிறார்கள். நடு அட்சப் பகுதிகளிலுள்ள நாடுகளின் வானம் நம்முடையதைவிட அமைதியானது. நம் வானத்துக்கு அவர்களது கணக்கு பொருந்தாததால் அயனி மண்டலத்துக்குத் தனிக் கணக்கு வகுக்க வேண்டியிருந்தது. 2015-இல் ககன் பயன்பாட்டுக்கு வந்தது. 2022 ஏப்ரல் 28 அன்று இராஜஸ்தானத்துக் கிஷன்கரில் ஒரு பயணிகள் விமானம் இதன் துணைகொண்டு இறங்கிக் காட்டியது.

இதையெல்லாம் படித்தபின் ஒரு சிறு சோதனையும் செய்தேன். வீட்டு மொட்டைமாடியில் ஓரிடத்தில் சுண்ணாம்பால் குறியிட்டு, அதன்மேல் கைபேசியை வைத்து, பத்து நாட்கள் நண்பகலிலும் இரவு எட்டு மணிக்கும் இருப்பிட எண்களைக் குறித்தேன். அசையாத கைபேசி ஐந்தாறு மீட்டர் ‘நடந்தது’. இதற்கு அயனி மண்டலமே காரணம் என்று எழுத ஆசைதான். ஆனால் அடுத்த வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் இதே வேலையைச் செய்யும். கைபேசியோ தானாகவே எண்களைச் சராசரி செய்து மழுப்புகிறது. இரண்டையும் பிரித்தறிய இரட்டை அதிர்வெண் கருவி வேண்டும். அது என்னிடம் இல்லை. என் நோட்டுப் புத்தகம் காட்டியது இவ்வளவே: என் சிமுலேட்டர் விமானம் ஒருபோதும் இப்படி நடந்ததில்லை.

இப்போது பயிற்சியை மாற்றிக்கொண்டேன். சிமுலேட்டரில் கருவிகள் தாமாகப் பழுதாகும்படி அமைக்க ஓர் ஏற்பாடு உண்டு. எந்த நிமிடம் என்று நமக்குத் தெரியாது. சென்ற வாரம் சேரன்மகாதேவிக்கு மேலே ஜி.பி.எஸ். திரை இருண்டது. கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, விமானத்தைத் திருப்பி, ஆற்றை இடப்பக்கம் வைத்துக் கிழக்கே வந்தேன். பாளையங்கோட்டை தாண்டி, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு தெரிந்ததும் ஆற்றைக் கடந்து வடகிழக்கே திரும்பினேன். தூத்துக்குடிச் சாலை வந்தது. சாலையைப் பிடித்து வாகைக்குளத்தில் இறங்கினேன். ஓடுபாதையின் நடுக்கோட்டிலிருந்து நன்றாகவே விலகித்தான் இறங்கினேன்.

இதைப் பேராசிரியரிடம் சொன்னேன். அடுத்த மன்றக் கூட்டத்துக்குக் கணிப்பொறியோடு அந்த நோட்டுப் புத்தகத்தையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்.