நம்பிப் போகலாமா பக்கத்துத் தெரு பீட்சா கடைக்கு?

நெய்க்குப் பெயர் வாங்கிய ஊர் ராசிபுரம். புறங்கையில் ஒரு சொட்டுத் தேய்த்து மோந்து பார்த்து, மணல் மணலாக உறைந்திருக்கிறதா என்று கவனித்து வாங்கத் தெரிந்தவர்கள் நாம். பீட்சா கடையில் மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் பணத்தை நீட்டிவிடுகிறோம். நல்ல பீட்சாவுக்காகச் சேலம் வரை ஓட வேண்டியதில்லை. சின்னக் கடையில் மாவு பிசைபவரும், சுடுபவரும், காசு வாங்குபவரும் கண்ணெதிரேயே நிற்பார்கள், எதையும் கேட்கலாம். எதைக் கேட்பது, எங்கே உஷாராக இருப்பது? இன்று மாலை பிள்ளைகளோடு கிளம்புகிறீர்கள் என்றால், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

செய்ய வேண்டியவை

1. முதல் தடவை மார்கரிட்டா மட்டும் சொல்லுங்கள். மாவு, தக்காளி சாஸ், சீஸ், அவ்வளவுதான். கோழியும் மசாலாவும் மேலே இல்லாததால் கடையின் கைப்பக்குவம் அப்படியே தெரிந்துவிடும்.

2. சீஸ் பாக்கெட்டைக் காட்டச் சொல்லுங்கள். என்னென்ன சேர்த்திருக்கிறது என்ற பட்டியலில் பால் முதலில் இருந்தால் நல்லது. பாமாயில், ஸ்டார்ச், ‘அனலாக்’ என்ற சொற்கள் தென்பட்டால் அது பாலில் மட்டும் செய்த சீஸ் இல்லை. அப்படி ஒரு பொருளை விற்பது தவறில்லை; அதைச் சீஸ் என்று சொல்லி விற்பதுதான் தவறு.

3. பால் கணக்குப் போடுங்கள். ஒரு கிலோ மொஸரெல்லா செய்ய ஏறக்குறைய 10 லிட்டர் பசும்பால் வேண்டும். நம் பக்கத்தில் பால் விலை தெரியாத வீடு கிடையாது. பீட்சா விலை அந்தக் கணக்குக்குக் கட்டுப்படியாகாத அளவு குறைவாக இருந்தால் மேலே இருப்பது வேறு எதுவோ.

4. மாவு இங்கேயே பிசைவதா, ரெடிமேட் பேஸா என்று கேளுங்கள். ரெடிமேட் என்றால் பாக்கெட்டில் காலாவதி தேதியைப் பாருங்கள். இங்கேயே பிசைவது என்றால் எவ்வளவு நேரம் புளிக்க விடுகிறார்கள் என்று விசாரியுங்கள். பிரிட்ஜில் ஒரு நாள் கிடந்த மாவில் வாசமும் மெதுமெதுப்பும் இருக்கும். அவசரமாகப் பிசைந்து சுட்டது கடிக்கக் கடிக்க இழுக்கும்.

5. துண்டைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் ஓவன் சரியாகச் சூடேறியிருக்கிறது. வெளுத்து, ஈரமாக, மடங்கித் தொங்கினால் உள்ளே மாவு வேகவில்லை. திருப்பிக் கொடுத்து இன்னும் கொஞ்சம் வேகவைக்கச் சொல்லுங்கள்.

6. எத்தனை இன்ச் என்று கேட்டுவிட்டு விலையைப் பாருங்கள். 7 இன்ச் பீட்சாவின் பரப்பு 38 சதுர இன்ச். 10 இன்ச் பீட்சாவின் பரப்பு 78. ஒரு பெரியது இரண்டு சின்னதுக்குச் சமம். 10 இன்ச்சின் விலை 7 இன்ச்சின் விலையைப் போல இரண்டு மடங்குக்குக் குறைவாக இருந்தால் பெரியதை வாங்கிப் பங்கு போடுங்கள்.

7. மயோனைஸில் முட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டது. காரணம் சால்மோனெல்லா போன்ற கிருமிகள். நாமக்கல் முட்டை ஊர்தான், அதற்காகக் கிருமி விட்டுவைக்காது. முட்டை சேர்க்காத மயோனைஸ் பாக்கெட்டிலேயே கிடைக்கிறது.

8. கோழித் துண்டைப் பிய்த்துப் பாருங்கள். நடுவில் இளஞ்சிவப்பாக, வழவழப்பாக இருந்தால் சாப்பிடாமல் திருப்பிக் கொடுங்கள். மேலே சீஸ் உருகியிருப்பதால் உள்ளே கோழியும் வெந்துவிட்டது என்று ஆகாது.

9. சுவரிலும் பில்லிலும் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எண்ணைத் தேடுங்கள். 1-ல் தொடங்கினால் லைசென்ஸ், 2-ல் தொடங்கினால் சின்னக் கடைகளுக்கான பதிவு; இரண்டும் செல்லும். 2022 ஜனவரியிலிருந்து இந்த எண்ணைப் பில்லில் அச்சிடுவது கட்டாயம்.

10. மீந்ததை 2 மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் தோசைக்கல்லில் சின்னத் தீயில் போட்டு மூடி வையுங்கள். அடி முறுகலாகும், சீஸும் இளகும், நன்றாகச் சுடும்வரை எடுக்காதீர்கள்.

11. குறையை அங்கேயே, மாஸ்டரிடமே சொல்லுங்கள். உப்பு அதிகம், அடி வேகவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னால் அடுத்த பீட்சாவிலேயே சரிசெய்வார். பக்கத்துத் தெருக் கடையின் பெரிய லாபம் இதுதான்.

செய்யக்கூடாதவை

1. முதல் நாளே எல்லா டாப்பிங்கும் போட்டதைக் கேட்காதீர்கள். குடைமிளகாயும் வெங்காயமும் விடும் தண்ணீரில் நடுப்பகுதி ஊறிப்போகும். மோசமான சீஸை மறைக்கவும் அதுவே வசதி.

2. சீஸ் நூலாக இழுபடுகிறதே என்று மயங்காதீர்கள். எண்ணெயில் செய்ததும் சூட்டில் இழுபடும். ஐந்து நிமிடம் ஆறவிட்டுக் கடியுங்கள்: பால் ருசி தெரிய வேண்டும். உப்பும் எண்ணெயும் மட்டும் நாக்கில் படிந்தால் அந்தக் கடைக்கு மறுபடி போக வேண்டாம்.

3. ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்ற பேனரைப் பார்த்து நுழையாதீர்கள். இரண்டாவது பீட்சாவின் செலவை யாரோ ஏற்க வேண்டும். பெரும்பாலும் அது சீஸில்தான் கழியும்.

4. சீஸில் அயோடின் விட்டுப் பார்த்து ஓனரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். நீலமானால் ஸ்டார்ச் என்பது ஜவ்வரிசி ஆலைகள் இருக்கும் நம் பக்கத்தில் பலருக்கும் தெரியும். ஆனால் துருவிய சீஸ் ஒட்டாமல் இருக்க நல்ல கம்பெனிகளும் கொஞ்சம் ஸ்டார்ச் தூவுகின்றன. பீட்சாவில் விட்டால் அடியில் இருக்கும் மைதாவே நீலம் காட்டும்.

5. ஆர்டர் சொன்ன மூன்றாவது நிமிடமே வந்தால் சந்தோஷப்படாதீர்கள். இத்தாலியின் நேப்பிள்ஸில் விறகு அடுப்பின் சுமார் 450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 60 முதல் 90 விநாடியில் வெந்துவிடும். நம் ஊர்க் கரண்ட் ஓவன் 250, 300 டிகிரிதான். ஆறேழு நிமிடமாவது பிடிக்கும். அதற்கு முன்பே வந்தால் எப்போதோ சுட்டதை மைக்ரோவேவில் சூடாக்கியிருக்கலாம்.

6. ரெகுலர், மீடியம், பேமிலி என்ற பெயர்களை நம்பாதீர்கள். ஒரு கடையின் மீடியம் இன்னொரு கடையின் ரெகுலராக இருக்கும். பெயருக்கு அளவு கிடையாது.

7. மேசையில் நாள் முழுக்க நிற்கும் மயோனைஸ் பாட்டிலைப் பிழியாதீர்கள். நம் ஊர் வெயிலில் அது கெட்டுப்போக அதிக நேரம் ஆகாது. பிரிட்ஜிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

8. காலையில் வேகவைத்து வெளியே வைத்த கோழியைத் தொடாதீர்கள். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்துபோனாள். இன்னும் பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். கோழி பிரிட்ஜில் இல்லாத கடையில் பனீரோ காளானோ கேளுங்கள்.

9. கூகுள் ஸ்டாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். கடை திறந்த வாரத்தில் சொந்தக்காரர்கள் போட்டதும் அதில் சேர்ந்திருக்கும். கடந்த ஒரு மாதத்தில் போட்டோவோடு வந்ததை மட்டும் படியுங்கள்.

10. கேட்காமல் வரி கொடுக்காதீர்கள். 5 சதவீதம் ஜிஎஸ்டி வாங்கினால் பில்லில் 15 இலக்க எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அது 33-ல் தொடங்கும். விற்பனையில் ஒரு பங்கைத் தானே வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறையில் உள்ள கடை வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கவே கூடாது.

11. வயிறு கெட்டால் ‘நமக்கேன் வம்பு’ என்று இருந்துவிடாதீர்கள். முதலில் டாக்டரைப் பாருங்கள். பில்லையும் மீந்த துண்டையும் பத்திரப்படுத்திவிட்டு, உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்ஆப் எண்ணுக்குப் புகார் அனுப்புங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் நாளை அதே கோழி அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் போகும்.

முகம் சுளிக்காமல் சீஸ் பாக்கெட்டை எடுத்துக் காட்டி, ஓவனுக்குப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்திப் பேசும் கடை கிடைத்தால் விடாதீர்கள். பேரம் பேசாமல் விலையைக் கொடுங்கள், அடுத்த வாரம் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த மாதிரிக் கடை ஊரில் நிலைக்க அதுதான் வழி.