பழைய பெயிண்ட்டைச் சுரண்டும் முன்...

அடுக்குமாடி வீட்டில் ஒரு அறையை ஆபீஸ் ரூமாக மாற்றப் போகிறீர்களா? 2020 ஊரடங்கில் டைனிங் டேபிளில் ஆரம்பித்த வேலை, இன்னும் பல வீடுகளில் அங்கேயேதான் நடக்கிறது. மாற்றுவது நல்லதுதான். ஆனால் பெயிண்டர் உப்புத்தாளைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

உங்கள் வீடு எந்த வருஷம் கட்டியது? எனாமல் பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசு விதி, 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த ஜன்னல் கம்பி, கதவு, கிரில் பெயிண்ட்டில் ஈயம் அதிகமாக இருக்கலாம். முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில்.

சுவரில் இருக்கும்வரை அது சும்மா இருக்கும். காய்ந்த நிலையில் தேய்த்தால் தூளாகி, தரையிலும் பொம்மையிலும் படியும். தவழும் குழந்தை கையை வாயில் வைக்குமே! பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிக ஈயத்தைக் குழந்தையின் குடல் உறிஞ்சிக்கொள்ளும். மூளை வளர்ச்சி, படிப்பு, கவனம் எல்லாமே பாதிக்கும். 'இவ்வளவு இருந்தால் பரவாயில்லை' என்று சொல்லும்படியான அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கர்ப்பிணிகளுக்கும் இது ஆகாது.

பயப்பட வேண்டாம். இப்படிச் செய்யுங்கள்:

* வேலை முடியும்வரை குழந்தைகளையும் கர்ப்பிணியையும் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.
* உரியாமல் உறுதியாக இருக்கும் பெயிண்ட்டைச் சுரண்டவே வேண்டாம். மேலேயே புது பெயிண்ட் அடிக்கலாம்.
* சுரண்டித்தான் ஆக வேண்டுமென்றால், தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். தீ காட்டி உரிப்பது கூடவே கூடாது.
* கதவிடுக்கில் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டுங்கள். வேலை செய்பவருக்கு என்95 மாஸ்க் கொடுங்கள். கைக்குட்டை போதாது.
* துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஈரத்துணியால் இரண்டு மூன்று தடவை துடையுங்கள்.

கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பக்கம் தொழிற்சாலைக்குப் போகிறவர் வீட்டில் உண்டா? பாட்டரி, உலோகம் உருக்கும் வேலையென்றால், ஷூவை வாசலிலேயே கழற்றட்டும். யூனிபார்மைத் தனியாகத் துவைக்க வேண்டும். பெயிண்ட்டில் தப்பித்த ஈயம் சட்டையில் வந்துவிடக் கூடாதே!

அடுத்தது காற்று. 'ஆபீஸ் ரூம்' வேண்டுமென்று பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்துவிடாதீர்கள். புது பிளைவுட், பெயிண்ட் வாடை போகச் சில நாட்களாவது ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, அப்புறம் அந்த அறையில் உட்காருங்கள். மேஜையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போடுங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், பாதம் தரையில்... இது போதும்.

ஏற்கெனவே சுரண்டியாகிவிட்டதா? வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால், டாக்டரிடம் சொல்லி ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்த்துவிடுங்கள். அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பல குழந்தைகளுக்கு எந்த அறிகுறியும் தெரியாது.