கையில 9,000 ரூபாய்தான் இருக்கு, ஆபீஸுக்கு சூட் வேணும்: எப்படி வாங்குறது?

வேலைக்குச் சேர்ந்து ஒண்ணு ரெண்டு வருஷம்தான் ஆகுது. திடீர்னு மேனேஜர் கூப்பிட்டு, "அடுத்த மாசம் வெளிநாட்டு கிளையன்ட் வர்றாங்க, சூட்ல வந்துடுங்க"ங்கிறார். இல்லன்னா ஆன்சைட் லெட்டர் வந்திருக்கு. இல்லன்னா ஒரு பெரிய கன்சல்டிங் கம்பெனியில கடைசி ரவுண்ட் இன்டர்வியூ. கைக்கு வர்ற சம்பளம் 30,000. வாடகை, வீட்டுக்கு அனுப்புறது, எஜுகேஷன் லோன் எல்லாம் போக மிஞ்சுறது கொஞ்சம்தான். இந்த நிலைமையில மால்ல போய் நின்னீங்கன்னா, 18,000 ரூபாய் சூட்டை மாட்டிவிட்டு, கண்ணாடி முன்னாடி நிறுத்தி, "சார், இஎம்ஐ இருக்கு சார்"னு சொல்லுவாங்க. கண்ணாடியில நல்லாத்தான் இருக்கும். அதான் பிரச்சினையே.

சூட் விஷயத்துல விலைக்கும் பார்வைக்கும் நேரடி சம்பந்தம் கிடையாது. எதுக்குக் காசு குடுக்கணும், எதுக்குக் குடுக்கக் கூடாதுன்னு தெரிஞ்சா 9,000 ரூபாய்க்குள்ளேயே கௌரவமா ஒரு சூட் கிடைக்கும்.

முதல்ல ஒரு வகுத்தல் கணக்கு

9,000 ரூபாய் சூட்டை வருஷத்துக்கு ரெண்டு தடவை, நாலு வருஷம் போடுறீங்கன்னு வைங்க. மொத்தம் 8 தடவை. ஒரு தடவைக்கு 1,125 ரூபாய். அதே சூட்டை வாரம் ஒரு நாள், மூணு வருஷம் போட்டா சுமார் 150 தடவை. ஒரு தடவைக்கு 60 ரூபாய். சூட் மலிவா, காஸ்ட்லியான்னு முடிவு பண்றது விலைச்சீட்டு இல்ல, உங்க வேலை.

நம்ம ஊர்ல பெரும்பாலான ஐடி, அக்கவுன்ட்ஸ், பேங்க் வேலைகளுக்கு நல்லா அயர்ன் பண்ண ஃபுல் ஹேண்ட் சட்டை, பேன்ட், லெதர் ஷூ போதும். வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு நாள்தான் தேவைன்னா முழு சூட் வேண்டாம். ஒரு நேவி ப்ளூ பிளேசர் மட்டும் வாங்கிட்டு, ஏற்கெனவே இருக்கிற கிரே பேன்ட் மேல போட்டுக்கோங்க. ஆனா கன்சல்டிங் இன்டர்வியூ, வெளிநாட்டு கிளையன்ட் மீட்டிங், எம்பிஏ பிளேஸ்மென்ட் மாதிரி இடங்கள்ல கோட்டும் பேன்ட்டும் ஒரே துணியில இருக்கணும்னு எதிர்பார்ப்பாங்க. அங்க பிளேசர் ஒரு படி கீழதான். நீங்க எந்தப் பக்கம்னு நேர்மையா பாருங்க. சீனியர் ஒருத்தர்கிட்ட, "அண்ணா, நீங்க போனப்போ என்ன போட்டீங்க?"ன்னு கேட்டாலே பாதி விடை கிடைச்சிடும்.

பெண்களுக்கு இதுல ஒரு வசதி இருக்கு. இந்திய ஆபீஸ்ல நல்ல காட்டன் புடவையோ, அடக்கமான சல்வாரோ முழு ஃபார்மல்தான், யாரும் குறை சொல்ல மாட்டாங்க. வெளிநாட்டுப் பயணம் மாதிரி சூட்டே வேணும்னா, லேடீஸ் கோட் தைக்கத் தெரிஞ்ச டெய்லரைக் கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம். ரெடிமேட் பிளேசர் எடுத்து ஆல்டர் பண்றது பெரும்பாலும் சுலபம். உள்ள பாக்கெட் இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க, பல பிளேசர்ல வெளிய தெரியுற பாக்கெட்டே பொய்யா இருக்கும்.

எந்த சூட்?

ஒரே ஒரு சூட்தான் வாங்கப் போறீங்கன்னா நேவி ப்ளூ, இல்லன்னா சார்கோல் கிரே. கறுப்பு வேண்டாம். கறுப்புல தூசியும் நூலும் பளிச்னு தெரியும், டியூப்லைட் வெளிச்சத்துல மலிவு துணி மினுமினுக்கும். நம்ம ஊர்ல அது வக்கீல் கோட்டையோ ரிசப்ஷன் மாப்பிள்ளையையோதான் ஞாபகப்படுத்தும். கோடு, கட்டம் எதுவும் இல்லாத பிளெயின் துணி. சிங்கிள் பிரெஸ்ட், ரெண்டு பட்டன், சாதாரண நாட்ச் லேப்பல். பிளெயினா இருந்தா இன்னொரு லாபம், போன வாரமும் இதையேதான் போட்டிருந்தீங்கன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அடுத்து துணி. கடையில மூணு வகை காட்டுவாங்க. பாலியஸ்டர்-விஸ்கோஸ் கலந்தது, இதை டெரி ரேயான்னும் சொல்லுவாங்க. அப்புறம் பாலியஸ்டரும் உல்லும் கலந்த டெரி-உல். மூணாவது ப்யூர் உல். நம்ம பட்ஜெட்டுக்கு நடுவுல இருக்கிற டெரி-உல்தான் சரி. கசங்காது, ரொம்ப மினுக்காது, முழு பாலியஸ்டர் மாதிரி வேர்வையில ஒட்டாது. துணி ஓரத்துல என்ன கலவைன்னு அச்சடிச்சிருப்பாங்க, கடைக்காரர் சொல்றதை விட அதை நம்புங்க. வாங்குறதுக்கு முன்னாடி துணியைக் கையில கசக்கி பத்து எண்ணி விடுங்க. கசங்கினது கசங்கினபடியே நின்னா, மதியம் மூணு மணிக்கு உங்க முதுகும் அப்படித்தான் இருக்கும்.

"சூப்பர் 120 சார், சூப்பர் 150 சார்"னு ஒரு நம்பர் சொல்லுவாங்க. அது உல் இழை எவ்வளவு மெல்லிசுங்கிறதைக் காட்டுற நம்பர். நம்பர் ஏற ஏற மென்மை கூடும், ஆனா உழைப்பு கூடாது. ரொம்ப மெல்லிய இழை சீக்கிரம் கசங்கும், தேயும். பஸ், மெட்ரோல போய் வர்றவங்களுக்கு அந்த நம்பருக்குக் கூடுதல் காசு வேஸ்ட்.

ரெடிமேடா, தைக்கிறதா?

இங்கதான் நிஜமான பணம் இருக்கு. 2025 செப்டம்பர் 22-லேர்ந்து ஜிஎஸ்டி மாறிடுச்சு. ஒரு உடை 2,500 ரூபாய்க்குள்ள இருந்தா 5%, அதுக்கு மேல போனா 18%. அதுக்கு முன்னாடி 1,000 ரூபாய்க்கு மேல 12%. சூட் செட்டா ஒரே விலைக்கு வந்தா கண்டிப்பா 18%-லதான் விழும். 8,500 ரூபாய் ரெடிமேட் சூட்ல சுமார் 1,297 ரூபாய் வரி மட்டுமே. ஆனா துணியா வாங்கினா விலை எவ்வளவு ஆனாலும் 5%தான்.

ஒரு உதாரணம் போடுவோம், உங்க ஏரியா ரேட்டை நீங்க மாத்திப் போட்டுக்கோங்க. 58 இன்ச் அகலத் துணியில சராசரி உடம்புக்கு கோட், பேன்ட் ரெண்டுக்கும் சுமார் 3.25 மீட்டர். இன்னொரு பேன்ட்டுக்கு 1.25 மீட்டர். மொத்தம் 4.5 மீட்டர், மீட்டர் 700-ன்னா 3,150 ரூபாய். கோட், பேன்ட் தையல் கூலி 4,500, ரெண்டாவது பேன்ட்டுக்கு 600. ஆக 8,250. மீதி 750 ரூபாய் பெல்ட்டுக்கோ டைக்கோ ஆச்சு.

எதுக்கு ரெண்டாவது பேன்ட்? சூட்ல முதல்ல சாகுறது பேன்ட்தான். உட்கார்ந்து எழுந்து சீட்ல தேயும், தொடை உரசும், பைக் ஓட்டினா இன்னும் சீக்கிரம். கோட் நாள் முழுக்க சேர்ல தொங்கிட்டு புதுசாவே இருக்கும். அப்புறம் போய் அதே கலர் தேடினா கிடைக்காது, ஒவ்வொரு சாயத் தொகுதிக்கும் நிறம் கொஞ்சம் மாறும். அதனால ஒரே தானிலேர்ந்து, ஒரே நாள்ல வெட்டி வாங்கணும். ரெடிமேட்ல பெரும்பாலும் இந்த வசதி கிடையாது. நான் தைக்கிற பக்கம் சாயுறதுக்கு வரியை விட இதுதான் பெரிய காரணம்.

சென்னையில இருக்கிறவங்க பாரிமுனை கோடவுன் தெருவுல துணி விலையை விசாரிச்சுட்டு, அப்புறம் ஷோரூம் போங்க. மத்த ஊர்க்காரங்களும் சூட்டிங் துணிக்குன்னே இருக்கிற பழைய ஜவுளிக் கடையை முதல்ல பாருங்க.

டெய்லர் விஷயத்துல ஒண்ணு கவனம். பேன்ட், சட்டை நல்லா தைக்கிறவர் எல்லாம் கோட் தைப்பார்னு இல்ல. அவர் தைச்சு டெலிவரிக்குத் தொங்குற கோட் ஒண்ணைக் காட்டச் சொல்லிப் பாருங்க. கட்டாயம் ஒரு ட்ரையல் கேளுங்க. முழுசா தைக்கிறதுக்கு முன்னாடி கச்சா தையல்ல ஒரு தடவை போட்டுப் பாக்கணும். "ட்ரையல் எல்லாம் தேவையில்ல தம்பி, அளவு கரெக்டா எடுத்திருக்கேன்"னு சொன்னா அடுத்த கடைக்குப் போயிடுங்க. "உள்ள ஒரு இன்ச் துணி விட்டு தைங்கண்ணா"ன்னும் சொல்லுங்க. ஆபீஸ் கேன்டீன் நம்ம இடுப்பை என்ன பண்ணும்னு எல்லாருக்கும் தெரியும், ரெண்டு வருஷம் கழிச்சு பிரிச்சு விட்டுக்கலாம்.

நேரமும் முக்கியம். ஆடியிலயும் மார்கழியிலயும் நம்ம பக்கம் கல்யாணம் கிடையாது. கோட் டெய்லருக்கு அப்போ வேலை குறைவு, நிதானமா தைப்பார், கூலியும் பேசலாம். பெரிய பிராண்டுகளோட சீசன் முடிவு சேலும் ஜூலை, ஜனவரியை ஒட்டித்தான் வரும். தீபாவளிக்கு முன்னாடி மூணு வாரம் மட்டும் டெய்லர் பக்கமே போகாதீங்க.

மூணே நாள்ல சூட் வேணும்னா ரெடிமேட்தான் வழி, அதுல தப்பே இல்ல. எம்ஆர்பிங்கிறது எல்லா வரியும் சேர்த்த விலை. ஆஃபர் விலைக்கு மேல "டாக்ஸ் எக்ஸ்ட்ரா"ன்னு பில் போட்டா கேள்வி கேளுங்க. தள்ளுபடி விலைக்கு மேல வரி வசூலிச்சது தப்புன்னு நுகர்வோர் ஆணையம் தீர்ப்பு சொல்லியிருக்கு.

இன்னொரு வழியும் இருக்கு, நிறைய பேர் யோசிக்கிறதே இல்ல. வீட்டுல அண்ணனோ, சித்தப்பா பையனோ ரிசப்ஷனுக்குத் தைச்ச கோட் ஒரே ஒரு நாள் போட்டதோட பீரோல தூங்கிட்டு இருக்கும். அது நேவியோ கிரேயோவா இருந்து, தோள் உங்களுக்குப் பொருந்தினா, ஆல்டர் கூலி மட்டும்தான் செலவு. மெரூன் கலர்ல மினுக்கினா விட்டுடுங்க.

தோளைப் பாருங்க, மத்ததை டெய்லர் பாத்துக்குவார்

கை நீளம், இடுப்பு, பேன்ட் உயரம் எல்லாம் சில நூறு ரூபாய்ல சரி பண்ணலாம். தோள் மட்டும் முடியாது. பண்ணாலும் செலவு கோட் விலையில பெரிய பங்காயிடும். தோள் தையல் உங்க தோள் எலும்பு முடியுற இடத்துல முடியணும். கழுத்துக்குப் பின்னாடி கோட் காலர் சட்டைக் காலரோட ஒட்டி இருக்கணும், நடுவுல இடைவெளி தெரியக் கூடாது. மேல் பட்டனைப் போட்டா வயித்துல எக்ஸ் மாதிரி சுருக்கம் விழக் கூடாது. கோட் நீளம் பின்பக்கத்தை மூடணும். கையைத் தொங்கவிட்டா சட்டைக் கை அரை இன்ச் வெளிய தெரியணும். ட்ரையலுக்கு ஆபீஸ் சட்டையும் ஷூவும் போட்டுட்டுப் போங்க, டி-ஷர்ட், செருப்போட போய்ப் பாத்தா எதுவுமே தெரியாது.

பணம் எங்கிருந்து?

மாசம் 1,800 ரூபாய் தனியா எடுத்து வெச்சா அஞ்சு மாசத்துல 9,000. சூட் தேவைப்படுற வேலைன்னு தெரிஞ்ச அன்னிக்கே ஆரம்பிச்சிடுங்க. அவசரம்னா கிரெடிட் கார்டுல எடுக்கலாம், ஆனா ஒரே பில்லுல முழுசா கட்ட முடிஞ்சா மட்டும். மாசம் 3.5% வட்டி போடுற கார்டுல 9,000 ரூபாயை இழுத்தா, ஒரு மாச வட்டி 315, அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி, ஆக சுமார் 372 ரூபாய். மினிமம் ட்யூ 5%-னு 450 கட்டினீங்கன்னா, கடன்ல குறையுறது வெறும் 78 ரூபாய். "நோ காஸ்ட் இஎம்ஐ"லயும் வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டி, ப்ராசஸிங் ஃபீஸ்னு உங்க பக்கம் வந்து விழும். எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதீங்க, கிளையன்ட் மீட்டிங் எமர்ஜென்சி இல்ல.

"ஆபீஸுக்குத்தானே, டாக்ஸ்ல கழிக்கலாமா?"ன்னு கேப்பீங்க. முடியாது. சம்பளக்காரங்க சூட் பில்லைக் காட்டி எதையும் கழிக்க முடியாது, ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் தான் நமக்கு.

வாங்கின பிறகு செலவைக் குறைக்கிற விஷயம் ட்ரை கிளீனிங். ஒவ்வொரு தடவை போட்டதும் குடுக்காதீங்க. இந்த விலை கோட்ல முன்பக்கம் உள்ள பசை வெச்சு ஒட்டின அட்டைத் துணிதான் இருக்கும். அடிக்கடி கெமிக்கலும் சூடும் பட்டா பசை விட்டு, மார்புல கொப்புளம் மாதிரி கிளம்பும். போட்ட அன்னிக்கு ராத்திரி அகலமான ஹேங்கர்ல மாட்டி, ஃபேன் காத்துல வேர்வை உலர விட்டு, பிரஷ் போட்டா போதும். வருஷத்துக்கு ரெண்டு தடவை ட்ரை கிளீன், கோட்டையும் பேன்ட்டையும் சேர்த்தே குடுங்க, இல்லன்னா நிறம் தனித்தனியா வெளுக்கும். வெயில்ல நிக்கிற காருக்குள்ள விட்டுட்டுப் போகாதீங்க.

கடைசியா டெலிவரி எடுக்கிற அன்னிக்கு. ரெடிமேடா இருந்தா கையில தைச்சிருக்கிற பிராண்ட் லேபிளைப் பிரிச்சு எடுத்துடுங்க, பின்பக்க வெட்டுல எக்ஸ் மாதிரி போட்டிருக்கிற நூலையும் வெட்டிடுங்க, ரெண்டும் கடைக்காகப் போட்டது. போடும்போது கீழ் பட்டனைப் போடாதீங்க. தைச்சதா இருந்தா வெட்டினதுல மிஞ்சின துணியையும், ரெண்டு ஸ்பேர் பட்டனையும் டெய்லர்கிட்ட கேட்டு வாங்கிட்டு வாங்க. என்னிக்காவது பேன்ட் சீட் கிழிஞ்சா உள்பக்கம் ஒட்டு வைக்க அந்தத் துண்டுதான் வேணும்.