எந்த இயங்குதளம் நமக்கு ஏற்றது?

2015 ஜூலையில் வெளிவந்த வின்டோஸ் 10 இயங்குதளத்திற்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவதை, 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அன்று எந்தக் கணினியும் நின்றுவிடவில்லை. மறுநாள் காலையிலும் அதே திரை ஒளிர்ந்தது. அதே கோப்புகள் திறந்தன. இணைய வங்கியும் முன்போலவே இயங்கியது. சிக்கலே அதில்தான் இருக்கிறது. பழுதான விளக்கு அணைந்துவிடுகிறது; ஓட்டையான குடை ஒழுகுகிறது. ஆனால் பாதுகாப்பு நின்றுபோன கணினி அதை நமக்கு உணர்த்துவதேயில்லை.

பெங்களூரில் எஸ்.பி. ரோடு கடைகளில் ஒரு மடிக்கணினியை விலை கேட்டு நிற்பவர்களும், வீட்டிலுள்ள பழைய கணினியை என்ன செய்வது என்று யோசிப்பவர்களும் இப்போது ஒரே கேள்வியைத்தான் எதிர்கொள்கின்றனர்: வின்டோஸ் 11-க்கு மாறுவதா, ஆப்பிளின் மேக் கணினியை வாங்குவதா, கட்டணமில்லாத லினக்ஸை நிறுவுவதா? இவற்றில் எது சிறந்தது என்ற வாதத்திற்கு முடிவில்லை. நம் அன்றாட வேலை எதில் தடையின்றி நடக்கும், அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்ற இரண்டுக்கும் தெளிவான விடை உண்டு. அந்த இரண்டை மட்டுமே இங்கு நாம் பார்க்கப்போகிறோம்.

முதலில் வங்கிப் பணியை எடுத்துக்கொள்வோம். பணம் அனுப்புதல், கணக்கு அறிக்கை பெறுதல், வைப்புத்தொகை தொடங்குதல் ஆகியவை யாவும் இணைய உலாவி வழியே நடப்பவை. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவிகள் மூன்று இயங்குதளங்களிலும் கிடைக்கின்றன. வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்வதையும் பெரும்பாலோர் உலாவியிலேயே முடித்துவிடலாம். எனவே வங்கி வேலைக்காக மட்டும் ஓர் இயங்குதளத்தை விட்டு மற்றொன்றுக்கு மாற வேண்டிய தேவையில்லை. அது புதுப்பிக்கப்பட்ட நிலையில் இருந்தால் போதும்.

தெரிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வேறொரு மென்பொருளாகவே இருக்கிறது. நம் நகரத்திலேயே அதற்கு நல்ல சான்று உண்டு. சிக்பேட்டைத் துணிக்கடை முதல் பீன்யா தொழிற்பட்டறை வரை கணக்கெழுதப் பயன்படும் டேலி மென்பொருள் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் படைப்பு. 1986இல் தந்தையும் மகனுமான எஸ்.எஸ். கோயங்காவும் பாரத் கோயங்காவும் அந்நிறுவனத்தைத் தொடங்கினர். பாரத் கோயங்காவுக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. டாஸ் காலத்தில் பிறந்து வின்டோஸோடு வளர்ந்த அந்த மென்பொருள் இன்றும் வின்டோஸுக்காகவே எழுதப்படுகிறது. மேக்கிலோ லினக்ஸிலோ அதை இயக்க வழிகள் இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அந்த வழிகளுக்குத் தனி மென்பொருளோ, மாத வாடகைக்கு ஒரு தொலைநிலைக் கணினியோ, கைகொடுக்கும் தொழில்நுட்பரோ தேவைப்படும். மாதக் கடைசியில் ஜிஎஸ்டி அறிக்கையை அனுப்ப வேண்டிய நேரத்தில் அச்சுப்பொறி ஒத்துழைக்க மறுத்தால், இயங்குதளத்தில் மிச்சப்படுத்திய பணம் எவ்வகையிலும் ஆறுதல் தராது.

கணக்கு மென்பொருளோடு நின்றுவிடாமல் அதைச் சூழ்ந்த கருவிகளையும் எண்ணிப்பார்க்க வேண்டும். ஜிஎஸ்டி அறிக்கைகளை இணைய இணைப்பின்றித் தயாரிப்பதற்காக வழங்கப்படும் கருவி வின்டோஸில் இயங்குவது. டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழைத் தாங்கிய யுஎஸ்பி டோக்கனுக்கு உரிய மென்பொருள் நாம் மாற விரும்பும் இயங்குதளத்திற்குக் கிடைக்கிறதா என்பதை, அதை வழங்கியவரிடம் முன்கூட்டியே கேட்டறிவது நல்லது. கர்நாடக அரசு அலுவலகங்களோடு கடிதப் போக்குவரத்து உள்ளவர்களுக்கு நுடி என்னும் கன்னட எழுத்து மென்பொருள் பழக்கமாயிருக்கும். அதுவும் வின்டோஸ் சார்ந்ததே. இத்தனையும் வேண்டியிருக்கும் சிறுதொழில் முனைவோர் வேறெங்கும் தேடாமல் வின்டோஸ் 11-ஐ ஏற்பதே முறை என்பது நம் கருத்து.

இதற்கு நேர்மாறான நிலையில் இருப்பவர்களும் பலர். மல்லேசுவரத்திலோ அல்சூரிலோ ஓய்வுபெற்று வாழும் ஒருவர் கணினியில் செய்வது என்ன? மின்னஞ்சல் பார்க்கிறார், செய்தித்தாள் படிக்கிறார், பேரக்குழந்தைகளோடு காணொளியில் பேசுகிறார், ஓய்வூதியம் வரவு வந்ததா என்று கணக்கைப் பார்க்கிறார், எப்போதாவது ஒரு கடிதம் தட்டச்சு செய்கிறார். ஓய்வூதியருக்கான ஆயுள் சான்றிதழைக்கூட ஆண்ட்ராய்டு கைப்பேசியில் முக அடையாளத்தின் மூலமே அளித்துவிட முடிகிறது. இவருடைய வேலைகளில் எதற்கும் வின்டோஸ் கட்டாயமில்லை. அவரது கணினி பழையதாகி, வின்டோஸ் 11-ஐ ஏற்க மறுக்குமாயின், அதைத் தூக்கி எறிவதற்கு முன் லினக்ஸை எண்ணிப்பார்ப்பது தகும்.

லினக்ஸ் என்றால் பொறியாளர்களுக்கே உரியது என்றொரு அச்சம் நம்மிடையே நிலவுகிறது. நம்மைச் சுற்றி நடந்தவை அந்த அச்சத்தை மறுக்கின்றன. 2011 முதல் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் வின்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்தே நிறுவப்பட்டிருந்தது. ஊரிலுள்ள உறவினர் வீட்டில் அத்தகைய கணினியைப் பார்த்தவர்கள் நம் வாசகர்களிலும் இருப்பர். அந்தப் பாஸ், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் குழந்தைகள் கணினி கற்பது லினக்ஸில்தான். மின்நீதிமன்றத் திட்டத்தின்கீழ் நாட்டின் கீழமை நீதிமன்றங்களுக்குச் சென்ற கணினிகளிலும் லினக்ஸின் ஒரு வடிவமான உபுண்டுவே அமர்ந்தது. பத்து வயதுக் குழந்தையும் நீதிமன்ற எழுத்தரும் கையாளும் ஒன்றை நாமும் சில நாள்களில் பழகிக்கொள்ளலாம்.

தமிழில் எழுதுவோர் இதற்காகத் தனியே கவலைப்பட வேண்டியதில்லை. தமிழ்நாட்டு அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகை வின்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் கிடைக்கிறது. அமைப்புகளில் ஒருமுறை தேர்ந்தெடுத்தால் போதும். எனினும் யுனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருக்களில் எழுதிச் சேமித்த கோப்புகள் இருந்தால், மாறுவதற்கு முன்பே அவற்றை யுனிகோடுக்கு மாற்றிவிடுவது நலம். சங்கச் செயலாளர்களும் கோயில் குழுவினரும் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். இருபது ஆண்டு உறுப்பினர் பட்டியல் புதிய கணினியில் புரியாத குறிகளாகத் தோன்றக்கூடும்.

மேக் கணினியைப் பற்றிச் சொல்லும்போது விலையில்தான் பேச்சு தொடங்கும். ஆனால் ஆப்பிளின் இயங்குதளம் ஆப்பிள் செய்யும் கணினிகளுக்கு மட்டுமே உரியது என்பதைத்தான் முதலில் நினைவிற்கொள்ள வேண்டும். இயங்குதளத்தைத் தேர்ந்தால் கணினியையும் அங்கேயே வாங்கியாக வேண்டும். ஐஃபோனுக்குச் செயலி எழுதும் இளைஞருக்கு, அதற்குரிய எக்ஸ்கோடு மேக்கில் மட்டுமே இயங்குவதால், வேறு தெரிவே இல்லை. படத்தொகுப்பு, இசைப்பதிவு ஆகியவற்றில் வாழ்க்கை நடத்துவோர் பலரும் அதையே விரும்புகின்றனர். மற்றவர்களுக்கு அது விருப்பம் சார்ந்த செலவு. வருமானம் இடம்கொடுத்தால் குறைசொல்ல ஒன்றுமில்லை.

பயன்படுத்திய மேக்கை வாங்க எண்ணுவோருக்குத்தான் ஓர் எச்சரிக்கை. ஆப்பிள் 2020இல் தன் கணினிகளை இன்டெல் செயலியிலிருந்து தானே வடிவமைத்த செயலிக்கு மாற்றத் தொடங்கியது. 2025இல் வெளியான மேக்ஓஎஸ் டாஹோவே இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பதிப்பு என்றும் அறிவித்துவிட்டது; அந்தப் பதிப்பும் சில இன்டெல் மாதிரிகளில் மட்டுமே இயங்கும். மலிவாகக் கிடைக்கும் பழைய மேக்கின் விலைச்சீட்டில் இந்தச் செய்தி இருக்காது. எம்1 அல்லது அதற்குப் பிந்தைய செயலி உள்ளதா என்று கேட்டறிந்த பின்னரே பேரம் பேசத் தொடங்கலாம்.

பொறியியல் படிப்பில் சேரும் பிள்ளைக்குக் கணினி வாங்கும் பெற்றோரிடம் நாம் சொல்வது ஒன்றே: கடைக்குப் போகுமுன் கல்லூரித் துறையைக் கேளுங்கள். இயந்திரப் பொறியியல் மாணவர் பயிலும் சாலிட்வொர்க்ஸ் வின்டோஸுக்கு மட்டுமே உரியது. கணினி அறிவியல் மாணவருக்கு லினக்ஸ் தெரிந்திருத்தல் இன்றியமையாதது. ஆயினும் அதற்காகத் தனிக் கணினி வேண்டாம். வின்டோஸுக்குள்ளேயே லினக்ஸை இயக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2016 முதல் அளித்துவருகிறது.

இனி, வீட்டில் ஏற்கெனவே உள்ள கணினியைப் பற்றி. வின்டோஸ் 11 இயங்க 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பிடமும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் தேவை. இன்டெல் செயலியாயின் அது ஏறத்தாழ எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். அந்தத் தலைமுறை 2017இல் வந்தது. மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் செயலியை இறக்கிக்கொண்டால் அதுவே நம் கணினியைச் சோதித்து ஆம் அல்லது இல்லை என்று கூறிவிடும். தகுதியுள்ள, முறையான உரிமம் பெற்ற வின்டோஸ் 10 கணினிக்கு 11 இலவசம். 4 ஜிபி என்பது குறைந்தபட்சமே; வசதியாக வேலை செய்ய 8 ஜிபி தேவைப்படும் என்பது நம் மதிப்பீடு. பழைய சுழலும் வன்தட்டு உள்ள கணினியில் எந்த இயங்குதளமும் தள்ளாடும். அதை எஸ்எஸ்டி தட்டுக்கு மாற்றுவது, பல வேளைகளில், இயங்குதளத்தை மாற்றுவதைவிடப் பெரிய பயனைத் தருகிறது.

தகுதி பெறாத கணினி வைத்திருப்போர்க்குச் சிறிது கால இடைவெளி உண்டு. வீட்டுப் பயனாளர்கள் வின்டோஸ் 10-க்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்களில் பதிவுசெய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை அவற்றைப் பெறலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினி அமைப்புகளைச் சேமிக்க ஒப்புக்கொண்டால் இதற்குக் கட்டணமில்லை. லினக்ஸுக்கு மாறுவோரும் காலக்கெடு பார்க்க வேண்டும்: வின்டோஸ் பழகியவர்களுக்கு எளிதான லினக்ஸ் மின்ட் 22 பதிப்புக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். உலாவியை மட்டுமே பயன்படுத்துவோர் கூகுளின் குரோம்புக்கையும் கருதலாம். 2021 முதல் வந்த மாதிரிகளுக்குப் பத்தாண்டு புதுப்பிப்பு என்பது அந்நிறுவனத்தின் வாக்குறுதி.

உரிமம் இல்லாத வின்டோஸைக் குறித்து மட்டும் நாம் சற்றுக் கண்டிப்பாகவே பேச வேண்டியுள்ளது. சில நூறு ரூபாய்க்கு வின்டோஸை நிறுவித் தருவதாகக் கூறுவோர், உரிமச் சோதனையை ஏமாற்றும் ஒரு சிறு நிரலை அதனுடன் இயக்குவதுண்டு. அதற்காக முதலில் வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்வர். அந்த நிரலை எழுதியவர் யாரென்று நிறுவுபவருக்கும் தெரியாது. அது நம் விசை அழுத்தங்களைப் பதிவுசெய்து வேறெங்கோ அனுப்பினால் நம் இணைய வங்கிக் கடவுச்சொல் அங்கே சென்றுவிடும். உரிமத்திற்குப் பணமில்லையென்றால் லினக்ஸ் இருக்கிறது. களவு வின்டோஸில் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம்.

"உங்கள் வின்டோஸ் காலாவதியாகிவிட்டது, புதுப்பித்துத் தருகிறோம்" என்று தொலைபேசியில் அழைப்பவர்களையும் இதே வரிசையில் சேர்க்கலாம். மைக்ரோசாஃப்டோ வங்கியோ அவ்வாறு தாமாக அழைப்பதில்லை. அவர் சொல்லும் தொலைநிலைச் செயலியை நிறுவிவிட்டால் நம் திரை அவர் கையில் இருக்கும். அவ்வாறு நேர்ந்து பணம் போயிருப்பின், உடனே இணைய இணைப்பைத் துண்டித்து, வங்கிக்கும் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும்.

லினக்ஸுக்கு மாற எண்ணியும் தயங்குவோர், கணினியில் எதையும் அழிக்காமலே அதைச் சோதித்துப் பார்க்கலாம். அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்கி 8 ஜிபி பென் டிரைவில் எழுதிக்கொண்டு, கணினியை அதிலிருந்து தொடங்கினால் லினக்ஸ் தற்காலிகமாக இயங்கும். அணைத்து பென் டிரைவை எடுத்துவிட்டால் பழைய வின்டோஸ் அப்படியே திரும்பும். அந்தச் சோதனையின்போது வைஃபை இணைகிறதா, ஒலியும் கேமராவும் வேலை செய்கின்றனவா, அச்சுப்பொறியும் ஸ்கேனரும் இணங்குகின்றனவா, தமிழ்த் தட்டச்சு வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஸ்கேனர்தான் பெரும்பாலும் முரண்டு பிடிக்கும். யாவும் சரியென்றால் படங்கள், பத்திரங்களின் நகல்கள், கணக்குக் கோப்புகள் ஆகியவற்றை வெளித்தட்டு ஒன்றில் படியெடுத்து, அந்தப் படி வேறொரு கணினியில் திறக்கிறதா என்றும் சோதித்துவிட்டு, பிறகு நிறுவத் தொடங்கலாம்.