நான்காவது தருமம்

திருமூல நாயனார் அருளிய திருமந்திரம் பன்னிரு திருமுறைகளுள் பத்தாவதாக வைத்துப் போற்றப்படுகின்றது. ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடின்றி எல்லோராலும் செய்யக்கூடிய தருமங்கள் எவை என்று அதில் ஒரு பாடலில் அவர் நான்கைச் சொல்கின்றார். இறைவனை வழிபட ஓர் இலை போதும். பசுவுக்குக் கொஞ்சம் புல். நாம் சாப்பிடும் வேளையில் பசித்தவருக்கென ஒரு பிடி சோறு. நான்காவது, பிறரிடம் இனிமையாகப் பேசுதல்.

முதல் மூன்றுக்கும் கையில் ஏதாவது இருக்க வேண்டும். நான்காவதற்கு ஒன்றுமே வேண்டாம். நோயில் படுத்திருப்பவரும் அதைச் செய்யலாம். அவ்வளவு எளிதாக இருப்பதனாலோ என்னவோ, நாம் அடிக்கடி தவறவிடுவதும் அதைத்தான். 60 வயதைத் தாண்டிய பிறகு, அதுவும் அன்னதானம் நடக்கும் இடத்தில், இந்தப் பாடத்தை நான் கற்றுக்கொண்டேன்.

நான் தவறிய இடம்

2019ஆம் ஆண்டு. ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற புதிது. ஞாயிற்றுக்கிழமை அன்னதானத்தில் வரிசையை ஒழுங்குபடுத்துவது என் பொறுப்பு. தமிழகத்திலிருந்து இங்கு வந்து கட்டுமான வேலை செய்யும் தம்பிமார் பலருக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் ஓய்வு. தேக்கா பக்கம் வந்து, ஊருக்குப் பணம் அனுப்பி, கூட்டாளிகளைப் பார்த்து, கோயிலில் கும்பிட்டுச் சாப்பிட்டுவிட்டு விடுதிக்குத் திரும்புவார்கள்.

அன்று சாப்பிட்டு முடித்த ஓர் இளைஞர் மீண்டும் வரிசையில் வந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினார். எனக்கோ பல ஆண்டுகள் வகுப்பறையில் பழகிய குரல். "இப்பத்தானே சாப்பிட்டீங்க? பின்னால எத்தனை பேர் நிக்கிறாங்க பாருங்க. நகருங்க தம்பி" என்றேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் பிறகு என்னிடம் வந்தார். "ரூம்ல கூட்டாளிக்குக் காய்ச்சலாம் சார். அதுக்குத்தான் அந்தப் பிள்ளை கேட்டுச்சு. சார்கிட்ட போய்க் கேளுன்னு நான்தான் அனுப்பிவிட்டேன்" என்றார்.

அன்று குண்டானில் சோறு மீந்தது. என் வாயிலிருந்து வர வேண்டிய ஒரு கேள்விக்குத்தான் பஞ்சம்: "யாருக்குத் தம்பி?"

அடுத்தடுத்த ஞாயிறுகளில் அவரைத் தேடினேன். அவர் வராமல் இருந்திருக்கலாம். வந்திருந்தாலும் எனக்கு அடையாளம் தெரிந்திராது. அன்று அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லையே! 2020 ஏப்ரலில் கொவிட்-19 தொற்றினால் விடுதிவாசிகள் வெளியே வர முடியாமல் இருந்த நாள்களில், அந்த டப்பா என் கண்முன் வந்துகொண்டே இருந்தது.

நான் பெற்ற இடம்

அதற்கு 5 ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2014இல் என் மனைவிக்கு அறுவைச் சிகிச்சை. உள்ளே அழைத்துச் சென்றுவிட்டார்கள். எனக்குக் காத்திருக்க மனம் கொள்ளவில்லை. அருகிலிருந்த உணவங்காடி நிலையத்தில் ஒரு கோப்பியை வாங்கி வைத்துக்கொண்டு, குடிக்காமலேயே உட்கார்ந்திருந்தேன்.

மேசை துடைக்க வந்தவர் ஒரு சீன மூதாட்டி. ஆறிப்போன கோப்பியைப் பார்த்தார். என் சட்டையில் இருந்த மருத்துவமனை ஒட்டுவில்லையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "மாக்கான் டுலு" என்றார். முதலில் சாப்பிடு என்று பொருள். எங்கள் தலைமுறையில் சீனருக்கும் தமிழருக்கும் பொதுவாக இருந்தது அந்தச் சந்தை மலாய்தான். சற்று நேரத்தில் ஒரு தட்டில் 2 துண்டு காயா ரொட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, காசுகூட வாங்காமல் அடுத்த மேசையைத் துடைக்கப் போய்விட்டார்.

நான் சாப்பிட்டேன். தைரியம் வந்தது. மனைவியும் நலமாக வீடு திரும்பினார். அந்த மூதாட்டிக்கு அது அன்றே மறந்திருக்கும். எனக்கு இன்றும் மறக்கவில்லை.

ஒரே ஒரு வாய்ப்பு

சிங்கப்பூரில் மரியாதைப் பண்பை வளர்க்கும் தேசிய இயக்கம் 1979இல் தொடங்கியது. 1982இல் சிங்கா என்ற சிங்கம் அதன் சின்னமாயிற்று. 1997இல் பரிவன்பை வளர்க்கவென்றே தனி இயக்கம் தோன்றியது. இளம் ஆசிரியனாக இருந்த காலத்தில் என் வகுப்பிலும் அந்தச் சிங்கத்தின் படத்தை ஒட்டி வைத்திருந்தேன். "தயவுசெய்து", "நன்றி" என்ற சொற்களைப் பிழையின்றிச் சொல்லப் பிள்ளைகளைப் பழக்கினேன். ஆனால் எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்க்கப் பழக்கினேனா என்று இப்போது யோசிக்கின்றேன். நான் வரிசையைப் பார்த்தேன். அந்த மூதாட்டி முகத்தைப் பார்த்தார். வேறுபாடு அவ்வளவே.

திருக்குறளில் விருந்தோம்பல் 9ஆம் அதிகாரம். இனியவை கூறல் அதை அடுத்த 10ஆம் அதிகாரம். அனிச்ச மலர் முகர்ந்தால் வாடும். வந்தவரோ நம் முகம் மாறுவதைக் கண்டாலே வாடிவிடுவார் என்பது வள்ளுவர் கருத்து. சோறு போட்டும் முகத்தைச் சுளித்தால் போட்ட சோறும் வீணாகின்றது.

இன்னொன்றையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டில் உள்ளவரைக் கடிந்து பேசிவிட்டால் மாலையில் சமாதானம் செய்துகொள்ளலாம். முன்பின் அறியாதவரிடம் அந்த வசதி கிடையாது. அவர் நம்மைக் கடந்து போய்விடுவார். நாம் சொன்ன ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு போவார்.

செய்து பார்ப்போம்

1. ஆலயத்துக்கு முதன்முறை வருபவர், கால் கழுவுவது எங்கே, எந்தப் பக்கம் வலம் வருவது என்று தெரியாமல் நிற்பார். தூரத்திலிருந்து கை காட்டாமல், கூடவே நாலடி நடந்து காட்டுவோம்.

2. உணவங்காடி நிலையங்களில் சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைப்பது 2021 செப்டம்பர் முதல் கட்டாயமாகிவிட்டது. அங்கே தட்டுகளை அடுக்கி மேசை துடைப்பவருக்கு நன்றி சொல்லச் சட்டம் ஏதும் இல்லை. அதை நாமாகச் செய்வோம்.

3. நம் புளோக்கைக் கூட்டும் ஊழியரைத் தினமும் பார்க்கின்றோம். ஒரு புன்னகை, ஒரு காலை வணக்கம். மின்தூக்கியில் அவர் வாளியோடு வந்தால் கதவைப் பிடித்துக்கொள்வோம்.

4. வெளிநாட்டு ஊழியரைக் கண்டதும் சம்பளம் எவ்வளவு, ஏஜெண்டுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று விசாரிப்பது நம்மில் பலருக்கு வழக்கம். அதை விட்டுவிட்டு, சாப்பிட்டாரா என்று கேட்போம்.

இப்பொழுதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசையில்தான் நிற்கின்றேன். டப்பாவோடு யாராவது வந்தால் முதலில் அவர் முகத்தைப் பார்க்கின்றேன். பிறகு யாருக்கு என்று கேட்கின்றேன். காய்ச்சலில் கிடக்கும் கூட்டாளிக்கு, வேலையில் மாட்டிக்கொண்ட அண்ணனுக்கு, சில நேரம் அவருக்கே இரவுச் சாப்பாட்டுக்கு. எந்தப் பதிலாக இருந்தாலும் டப்பா நிறைந்துதான் போகின்றது.

அன்று வெறும் டப்பாவோடு திரும்பிய அந்தத் தம்பியும் அவருடைய கூட்டாளியும் எங்கிருந்தாலும் நலமாக இருக்க எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகின்றேன்.