பரணில் கிடக்கும் இசைத்தட்டு எந்தக் காலத்தது?

மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று அந்த நாளில் ரேடியோ செட் கட்டியவர்கள் வீட்டில் இன்னும் தட்டுகள் இருக்கலாம். பழைய சாமான்காரரிடம் போடுமுன் கொஞ்சம் பாருங்கள்.

கனமாக, விறைப்பாக இருந்து 78 சுற்று என்றிருந்தால் பெரும்பாலும் அரக்குத் தட்டு. வளைத்துப் பார்க்காதீர்கள், உடைந்துவிடும். 33, 45 சுற்று என்றால் வினைல்.

33 சுற்றில் நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டு உலகத்துக்கே 1948-இல்தான் வந்தது. ஆகவே 1944-இல் வெளியான 'ஹரிதாஸ்' படப் பாடல்கள் எல்.பி.யில் கிடைத்தால், உறையில் அதன் நாயகன் பாகவதரின் படம் எவ்வளவு பழசாகத் தெரிந்தாலும் அது மறுபதிப்புதான். அதில் 'ஸ்டீரியோ' என்று போட்டிருந்தால், மோனோ ஒலியைப் பிற்பாடு மின்னணு முறையில் மாற்றியிருக்கிறார்கள். இரண்டும் கிடைத்தால் மோனோவையே வாங்குங்கள். குரல் கலங்காமல் நிற்கும்.

வட்டத்துக்குள் 'பி' எழுத்தோடு வரும் ஆண்டு, பதிவு வெளியான ஆண்டு. தட்டு பல வருடம் கழித்தும் அச்சாகியிருக்கலாம். கொலம்பியா லேபிளில் வந்த பாட்டு பின்னாளில் ஹெச்.எம்.வி. லேபிளிலும் வரும். ஹெச்.எம்.வி. தட்டுகளை வெளியிட்ட நிறுவனத்துக்குச் சரிகம என்ற பெயர் 2000-இல்தான் வந்தது.

நம்பகமான அடையாளம், பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே வழவழப்பான பகுதியில் பொறித்திருக்கும் எண். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். உறை மாறிப்போகும், இந்த எண் மாறாது. இரண்டு தட்டுகளில் லேபிளின் நிறம் வேறாகி எண் முழுக்க ஒன்றாக இருந்தால், இரண்டும் ஒரே மூலத்திலிருந்து அச்சானவை.

எண்ணைப் படிக்கத் துடைப்பதானால், அரக்குத் தட்டில் ஸ்பிரிட் படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும்.