ஆவுளியாவின் வீடு எது?



“வாழிடம் என்றால் என்ன?” என்று அறிவியல் வகுப்பில் சார் கேட்டார். “உயிரினங்கள் இருக்கிற இடம் சார்” என்று சட்டென்று சொல்லிவிட்டேன். “அப்படியா? விராலிமலை மயிலைக் கொண்டுவந்து நம்ம கடலில் விட்டால், அதுவும் அதன் வாழிடமா?” என்றார். வகுப்பே சிரித்தது.

உணவு, நீர், காற்று, பாதுகாப்பு, குட்டிகளை வளர்க்க இடம் எல்லாம் ஓர் உயிருக்குச் சேர்ந்து கிடைக்கும் இடமே வாழிடம். ஒன்று குறைந்தாலும் அந்த உயிர் அங்கே நிலைக்காது. இது எனக்கு நன்றாகப் புரிந்தது எங்க அப்பாவின் வலையால்தான்.

அப்பா மணமேல்குடிப் பக்கம் நாட்டுப்படகில் தொழில் செய்கிறார். ஒருநாள் வலையில் ஆவுளியாக் குட்டி மாட்டிக்கொண்டது. கடல் பசுவுக்கு எங்க ஊர்ப் பெயர் அது. அப்பா வலையை அறுத்து அதை விட்டுவிட்டார். “புது வலையாச்சே, கடன்கூட இன்னும் அடையலையே!” என்று அம்மாவுக்கு வருத்தம். “அது மீன் இல்ல. மூச்சுவிட மேலே வரணும். கொஞ்ச நேரம் போனா செத்திருக்கும்” என்றார் அப்பா.

ஆவுளியா நம்மைப் போல் பாலூட்டி. அதன் தேவைகளைப் பாருங்கள்:

1. காற்று: சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீரின் மேலே வந்து மூச்சு விடும்.

2. உணவு: கடலடியில் வளரும் கடல்புல். பெரிய ஆவுளியா ஒரு நாளில் 30 கிலோவுக்கு மேலும் தின்னும்.

3. ஆழமில்லாத கடல்: கடல்புல்லுக்கு வேர், பூ எல்லாம் உண்டு. வெயில் பட்டால்தான் வளரும். நம் பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. அதனால் வெயில் அடிவரை போகிறது.

4. அமைதி: பல வருடங்களுக்கு ஒருமுறைதான் ஒரே ஒரு குட்டி போடும். ஒன்று செத்தாலும் ஈடுகட்டுவது கஷ்டம்.

மேலே காற்று, கீழே புல். இரண்டும் பக்கத்தில் இருப்பதால்தான் நம்ம கடல் அதற்கு வீடு. இழுவலை கடலடியைச் சுரண்டினால் புல் வேரோடு போய்விடும். தண்ணீர் கலங்கினால் வெயில் இறங்காது. பிறகு ஆவுளியாவை மட்டும் காப்பாற்றி என்ன பயன்?

இதனால்தான் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல் பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவிலேயே இதுதான் முதலாவது. வலையை அறுத்து ஆவுளியாவை விட்ட மீனவர்களுக்கு வனத்துறை பரிசும் கொடுத்திருக்கிறது.

“புல் போனா ஆவுளியா மட்டுமா போகும்? இறாலும் நண்டும் மீன்குஞ்சும் அங்கதானே வளருது. நம்ம சோறும் போயிடும்” என்றார் அப்பா. அம்மா ஒன்றும் பேசவில்லை. அறுந்த வலையைச் சரிசெய்ய அவரோடு உட்கார்ந்தார்.

நண்பர்களே, கிழிந்த வலையையும் பிளாஸ்டிக் பையையும் கடலில் போடாதீர்கள். வலையில் ஆவுளியா மாட்டினால் உடனே விடச் சொல்லுங்கள். கடல் இல்லாத ஊர்க்காரர்கள் உங்கள் கண்மாய்க்குப் போய், அங்குள்ள ஓர் உயிருக்கு என்னென்ன தேவை, எல்லாம் கிடைக்கிறதா என்று எழுதுங்கள். அடுத்த இதழில் படிப்போம்!

– 9-ஆம் வகுப்பு மாணவி